திருநீற்றின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்

அண்ணாமலையார் அன்பர்களே, உங்களிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். நம் பௌர்ணமிக் கூட்டத்தில், இதே மைக்கைப் பிடித்து, கண்ணில் தண்ணீரோடு சொன்னேன். நீங்கள் அரோகரா சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினீர்கள். அதற்குப் பிறகு அந்தச் சால்வையை எடுத்துக்கூடப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு கூச்சம். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

சித்திரைப் பௌர்ணமி அன்று. காலை ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையில் எங்கள் ஆஸ்பத்திரி போட்டிருந்த முகாமில் நான்தான் டாக்டர். அந்தத் தடவை எங்களிடம் ஒரு புதுக் கண்ணாடி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஆளைப் பார்த்தால், உள்ளே இருக்கும் விலா எலும்பு, நுரையீரல், கல்லீரல் எல்லாம் அவர் உடம்பின் மேலேயே படமாகத் தெரியும். நெஞ்சில் ஒட்டும் மூன்று ஸ்டிக்கர்களைப் பார்த்துத்தான் கண்ணாடி இடத்தைக் கணக்குப் போடும். ஸ்டிக்கர் நகர்ந்தால் படமும் நகர்ந்துவிடும். அதனால் தோலைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

இளநீர் ஏற்றி வந்த ஒரு மினி வேன், பின்னால் எடுக்கும்போது ஒருவரைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. கீழ்பென்னாத்தூர்க்காரர், பெயர் முருகேசன், விவசாயி. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே அவர் மனைவி தனலட்சுமி அம்மா ஓடிவந்தார். வலது பக்க நுரையீரல் கிழிந்து, காற்று நெஞ்சுக்குள் அடைபட்டு, அவர் மூச்சுக்குத் திணறினார். உதடு நீலமாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் வந்து சேர அரை மணியாவது ஆகும். அவருக்கு அவ்வளவு நேரம் இல்லை. அக்குளுக்குக் கீழே, இரண்டு விலா எலும்புக்கு நடுவில் ஊசியைச் செருகி அந்தக் காற்றை வெளியே விட்டால்தான் பிழைப்பார்.

நெஞ்சு முழுக்கத் திருநீறு. வியர்வையில் குழைந்து சேறாக இருந்தது. நர்ஸ் ஸ்டெல்லா பஞ்சை எடுத்தாள்.

"டாக்டர், தொடச்சிட்டு ஒட்டிடலாம்."

"கிரிவலம் வர்றவரு நீறைத் தொடைக்கிறதா? உனக்கு இதெல்லாம் தெரியாது ஸ்டெல்லா, நீ வேற சாமி கும்பிடறவ. தள்ளு."

அப்படித்தான் சொன்னேன், ஐந்து வருஷமாக என்னோடு வேலை பார்க்கிறவளிடம். பக்தியில் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. சுற்றி ஏழெட்டுப் பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நீற்றைக்கூடத் தொடாத டாக்டர் என்று பேர் வாங்க ஆசைப்பட்டேன். சீ! ஒரு மனுஷன் உயிருக்குத் துடிக்கும்போது எனக்கு அந்தப் புத்தி.

நீற்றின் மேலேயே அழுத்தி ஒட்டினேன். கண்ணாடியில் படம் வந்தது. படம் காட்டிய இடத்தில் ஊசியை வைத்தேன். அவர் ஒரு தடவை இருமினார். என் கண்ணெதிரே விலா எலும்புகள் எல்லாம் கீழே வழுக்கின. எலும்பு எங்கேயாவது வழுக்குமா? வழுக்கியது ஸ்டிக்கர். ஒட்டியதிலிருந்தே அது இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஊசிக்கு அடியில் இருந்தது நுரையீரல் இல்லை, கல்லீரல். ஒரு நொடி போயிருந்தால் குத்தியிருப்பேன்.

கை வெடவெடவென்று நடுங்கியது. அடுத்து என்ன செய்வது என்றே தோன்றவில்லை. "அண்ணாமலையாரே, காப்பாத்துப்பா" என்று உள்ளுக்குள் கதறினேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவரைக் காப்பாற்று என்று நான் கேட்கவில்லை. இத்தனை பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்று என்றுதான் கேட்டேன்.

அப்போது தனலட்சுமி அம்மா என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"இன்னா சார் அப்டியே நிக்கிறீங்க? நீறு தான தடுக்குது? சாமி இன்னா கோச்சிக்கவா போவுது?"

முந்தானையால் கணவரின் நெஞ்சை அழுத்தித் துடைத்தார். ஸ்டெல்லா ஸ்பிரிட் போட்டுச் சுத்தம் செய்து, புது ஸ்டிக்கர் ஒட்டினாள். இந்தத் தடவை நான் விரலாலும் ஒவ்வொரு விலாவாக எண்ணினேன். விரல் நின்ற இடமும் படம் காட்டிய இடமும் ஒன்றாக இருந்தன. ஊசியை இறக்கினேன். சைக்கிள் டியூப்பில் காற்றுப் போவது போலப் புஸ்ஸென்று சத்தம். முருகேசன் மூச்சை இழுத்தார். கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது.

பரவிய வீடியோவில் அந்த அம்மாவும் ஸ்டெல்லாவும் துடைத்தது விழவில்லை, யாரோ குறுக்கே நின்றுவிட்டார்கள். நீற்றைக்கூடத் தொடாமல் உயிரைக் காப்பாற்றிய டாக்டர் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் மறுக்கவில்லை. இங்கே வந்து அதையே என் வேண்டுதல் பலித்த கதையாகவும் சொன்னேன். ஸ்டெல்லா வழக்கம்போல எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். அதுதான் ஜாஸ்தி சுட்டது.

போன வாரம் கணவனும் மனைவியும் பரிசோதனைக்கு வந்தார்கள். அவர் நன்றாக நடக்கிறார். அவரை எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிட்டு, அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஊசியைத் தப்பான இடத்தில் வைத்தேன், உங்கள் வீட்டுக்காரர் என் கையால் போயிருப்பார் என்றேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"ஊசி எங்க வெக்கணும்னு எனுக்கு இன்னா சார் தெரியும்?" என்றார் அவர். "ஆனா உங்க கை நடுங்குனத பாத்தேன். அண்ணாமலையாரே, இந்தப் புள்ளைக்குக் கைய நெலையா குடுன்னு வேண்டிக்கினேன். அந்த நேரத்துல வூட்டுக்காரருக்கு வேண்டிக்கக்கூட தோணல."

உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். சாகக் கிடந்தவரின் மனைவி எனக்காக வேண்டியிருக்கிறார், நான் என் மானத்துக்காக வேண்டியிருக்கிறேன். பலித்தது என் வேண்டுதலே இல்லை, அன்பர்களே.

அன்றைக்கே ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க டாக்டர். இனிமே தொடச்சிட்டு ஒட்டுங்க" என்று சிரித்தாள். இப்போது அப்படித்தான் செய்கிறேன். நீறு பூசிய உடம்பைத் துடைக்கும்போது "சிவசிவ" என்று சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நம்பி வேண்டுங்கள், அவன் கேட்கிறான். நமக்காக யார் வேண்டுகிறார்கள் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை. வரும் பௌர்ணமிக்கும் நான் அதே முகாமில் இருப்பேன். எனக்குச் சால்வை வேண்டாம். அந்தப் பக்கம் வலம் வரும்போது, என் கைக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.