தொட்டித் தண்ணீரும் என் ஓரகத்தியும்

எங்கள் வீட்டில் கீழே நாங்கள், மாடியில் என் கணவரின் தம்பி குடும்பம். வீடு கட்டும்போது சுவர் நனைப்பதற்கென்று பின்பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். இடுப்பளவு ஆழம், இறங்க உள்ளே மூன்று படி. உள்ளே இரண்டு கட்டில் போடலாம். வேலை முடிந்ததும் உடைத்துவிடலாம் என்றார் என் கணவர். நான்தான் விடவில்லை. செஞ்சி வெயில் தெரிந்தவர்களுக்குப் புரியும். சித்திரையில் பாறைகள் பகலெல்லாம் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகும் சூட்டைத் தெருவுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், கண்ணுக்குக் குளிர்ச்சியாகக் கொஞ்சம் தண்ணீரும் அதில் நாலு மீனும் இருக்கட்டுமே என்று எனக்கு ஆசை.

திண்டிவனத்துக்குப் போய் மீன் வாங்கினேன். ஆரஞ்சு நிறத்தில் சில கோல்டு ஃபிஷ், விரல்நுனி அளவில் கொஞ்சம் கப்பி மீன். தண்ணீர் நிறைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, பக்கத்து சீட்டு அம்மா வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டார்: “இத்தினூண்டு மீன எப்படிம்மா ஆய்ஞ்சு கொழம்பு வெப்ப?”

முதல் சில வாரம் நான் ராணி மாதிரி இருந்தேன். காலையில் டீ டம்ளரோடு தொட்டிச் சுவரில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. அப்புறம் தண்ணீர் பச்சையாக மாறத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி. மீன்கள் தீனி போட்டால் மட்டும் வாயைக் காட்டிவிட்டு மறைந்துபோயின. கிட்டே போனால் ஒரு வாடையும் வந்தது.

என் ஓரகத்தி மாடியில் தையல் வேலை செய்பவள். எங்களுக்குள் சண்டை இல்லை, அதிகப் பேச்சும் இல்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். அவள் ஒருநாள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “இன்னாக்கா இது, மீன் தொட்டியா, கசாயமா? கொசு தாங்கல. மூடிடுங்களேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை தொட்டி முழுவதையும் இறைத்து, தேய்த்துக் கழுவி, போர் தண்ணீர் நிரப்பினேன். புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் ஒரு கோல்டு ஃபிஷ் செத்து மிதந்தது. பத்து நாள் போவதற்குள் மறுபடியும் பச்சை. ஒரு பஞ்சு ஃபில்டர் வாங்கி மாட்டினேன். அது அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. மூடிவிடலாமோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் டெங்குக் கொசு பார்க்க வீடு வீடாக வரும் அம்மா ஒருத்தர் எங்கள் தெருவுக்கு வந்தார். அவர் கேட்டைத் திறப்பதற்குள் மாடியிலிருந்து குரல் வந்துவிட்டது.

“மொதல்ல அந்தத் தொட்டியப் பாருங்க! கொசு ஃபேக்டரியே அங்கதான் ஓடுது.”

அந்த அம்மா தொட்டியில் வெள்ளை மக்கை விட்டு மொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு மூலையிலும் மொண்டார். “தண்ணிதான் பச்சையா இருக்குது. புழு ஒண்ணுகூட இல்ல. வந்தா மீனு தின்னுடும்ல” என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் அவர் கீழே இறங்கி வந்தபோது கையில் ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது. அதில் மணி பிளான்ட். வேரைச் சுற்றிக் கொசுப்புழுக்கள் குதித்துக் குதித்து நீந்திக்கொண்டிருந்தன. என் ஓரகத்தி ஜன்னலுக்கு ஜன்னல் இதுமாதிரி பாட்டில் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் புழு.

எனக்கு வந்த சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செடிகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அழுதுவிடுவாள் போலிருந்தது.

“இங்க கொண்டாந்து போடு. மீன் இருக்குது, புழு வராது” என்றேன்.

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, கொடி சுவரின்மேலும் வேர் தண்ணீரிலுமாகத் தொங்கவிட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் செடியைப் பார்க்கக் கீழே வருவாள். பாட்டிலில் சின்னச் சின்னதாக இருந்த இலைகள் கொஞ்ச நாளில் உள்ளங்கையைவிடப் பெரிதாயின. வேர் தாடி மாதிரி இறங்கியது. ஒரு சாயங்காலம் வேரைத் தூக்கிப் பார்த்தவள் கத்தினாள்: “அக்கா, இங்க வா! உன் மீன் போடுற அசிங்கத்தத் தின்னுதான் இது இப்பிடிக் கொழுக்குது. இன்னும் நெறைய செடி வெச்சா தண்ணி தெளிஞ்சிடாது?”

அன்றைக்குத்தான் என்னை முதல் தடவை ‘நீ’ என்றாள்.

இரண்டு பேரும் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தோம். மீன் கழிவுதான் பாசிக்கு உரம். அந்த உரத்தைச் செடிகள் முந்திக்கொண்டு தின்றுவிட்டால் பாசிக்குச் சாப்பாடு இல்லை. விஷயம் அவ்வளவுதான். பழைய நீல டிரம் ஒன்றைத் தொட்டிச் சுவரை ஒட்டிக் கல் அடுக்கி உயரத்தில் ஏற்றி, உள்ளே ஜல்லி கொட்டினோம். ஓடாத ஏர்கூலரிலிருந்து கழற்றிய குட்டி மோட்டார், தொட்டித் தண்ணீரை டிரம்மின் அடியில் கொண்டுபோய் விடும். தண்ணீர் ஜல்லி வழியாக, வேர் வழியாக மேலேறி, மேலே இருக்கும் பைப்பில் மறுபடி தொட்டிக்குள் விழும். ஏரிக்கரையிலிருந்து கோரையும், சாக்கடை ஓரம் மண்டிக்கிடந்த கல்வாழையும் பிடுங்கி வந்தோம். சமையலுக்கு வாங்கிய சேப்பங்கிழங்கில் முளைவிட்டதையும் நட்டோம்.

சுவிட்சைப் போட்டதும் தொட்டியில் விழுந்தது தண்ணீர் அல்ல, டீ. ஜல்லியில் இருந்த தூசி, செடியோடு வந்த சேறு, எல்லாம் சேர்ந்து கொட்டியது. நாங்கள் எதையும் கழுவவில்லை! என் கணவரும் கொழுந்தனும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “சக்கர போட்டாச்சா?” என்று கேட்டார் கொழுந்தன். அவள் கையிலிருந்த சேற்றை அப்படியே அவர் சட்டையில் பூசிவிட்டாள்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஜல்லியை அலசி, வேரில் மண் துளி இல்லாமல் கழுவி, மறுபடி வைத்தோம். அப்புறம் காத்திருப்புத்தான். ஒன்றும் நடக்காத மாதிரியே இருந்தது. ஒருநாள் தொட்டிக்குள் முதல் படி தெரிந்தது. அடுத்த வாரம் நடுப்படி. கல்வாழை சிவப்பாகப் பூத்த அன்று தரையில் கிடந்த ஒரு கூழாங்கல் தெரிந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இரண்டு பேரும் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருமுறை மட்டும் எல்லாம் கைவிட்டுப் போகப் பார்த்தது. நான் கடையில் இருந்தபோது போன் வந்தது. “அக்கா, சீக்கிரம் வா, தொட்டி காலியாகுது!” வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். கல்வாழை வேர் வளர்ந்து மேல் பைப்பை அடைத்துவிட்டது. மோட்டார் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்க, அது டிரம்மைத் தாண்டி வழிந்து வாசல்வரை ஓடியிருந்தது. தொட்டியில் முழங்காலளவுகூட இல்லை. அவள் மோட்டாரை நிறுத்திவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே நின்று, மீன்களைக் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் இறங்கினேன். ஒன்றுகூடச் சாகவில்லை. வேரைக் கத்தியால் அறுத்து எடுத்தோம், இரண்டு கை நிறைய வந்தது. பெரிய பைப்பாக மாற்றி, அதன் வாயில் வலையும் கட்டினோம். அப்போதுதான் கவனித்தோம், குடத்து மீன்களுக்கு நடுவே கடுகு மாதிரி கண் வைத்த கப்பிக் குஞ்சுகள் மின்னிக்கொண்டிருந்தன. “அய்யோ, அக்கா, பிரசவம் ஆயிருக்குது!” என்று அவள் ஈரப் புடவையோடு குதித்தாள்.

இப்போது மாதம் ஒருமுறை வேர் வெட்டுவதும், டிரம்மின் அடிக்கசடை இறக்கிக் கத்திரிச் செடிக்கு ஊற்றுவதும் எங்கள் வேலை. சாயங்காலம் டீ அங்கேதான்.

போன அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் வழியில் அவளுடைய அப்பா பனமலைப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினார். பேத்திகளைவிட இந்தத் தொட்டியைப் பற்றித்தான் போனில் அதிகம் கேட்டிருந்தாராம். நேராகப் பின்பக்கம் வந்து, சுவரில் கை ஊன்றிக் குனிந்து பார்த்தார்.

“இன்னாம்மா, மீன் வளக்கறேன்னு சொன்ன. தண்ணியே ஊத்தாம வெச்சிருக்கீங்க?”

அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. மீன்களெல்லாம் கல்வாழை நிழலில் ஒதுங்கிக் கிடந்தன. காற்றும் இல்லாததால் தண்ணீர் அசையாமல் நின்றது.

“நைனா, நல்லாப் பாரு” என்றாள் அவள்.

அவர் அடித்தரையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். அமாவாசைக்கென்று கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை தோள்வரை நனைந்தது. கையை உள்ளே விட்டபடியே அவர் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.