நடுப்பக்கத்துப் பின்

மெர்சிக்குப் பாட்டு வராது. தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்த முதல் ஞாயிறே, "நீ வாயை மட்டும் அசச்சாப் போதும் கண்ணு" என்று சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்டவள்தான் பீளமேட்டிலிருந்து வரும் 'தாளக்கட்டு' என்ற இசை மாதப் பத்திரிகைக்குப் பத்தொன்பது வருடமாகப் பக்கம் அமைக்கிறாள். மூன்று பெரிய தாள்களை மடித்து நாற்பத்தெட்டுப் பக்கத்துக்கு ஒரு வெற்றுப் புத்தகம் செய்வாள். அதற்கு டம்மி என்று பெயர். எந்தக் கட்டுரை எங்கே, எந்தப் படம் எவ்வளவு அகலம் என்று அதில் பென்சிலால் கட்டம் போடுவாள். ஆல்வின் என்ற இளைஞன் அதைப் பார்த்துக் கணினியில் பக்கங்களைச் செய்து அச்சகத்துக்கு அனுப்புவான். நான் மெய்ப்புத் திருத்துகிறேன் என்பதால் இதையெல்லாம் பக்கத்து மேசையிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு.

பிறவிச் சந்தேகக்காரி அவள். ஒன்பது வயதில், தொண்டாமுத்தூரில் அவர்கள் தோட்டத்து வாழையை யானை வந்து தின்றுபோனது. ஊரே யானையைத் திட்டியது. மெர்சி மட்டும், "எங்க தோட்டத்துல பழுத்திருக்குதுன்னு யானைக்கு யாரு சொன்னாங்க?" என்று எட்டு நாள் வீடு வீடாக விசாரித்தாள். தொல்லை தாங்காமல் ஒன்பதாம் நாள் யானையே வந்து தனக்குச் சொன்னவனின் வீட்டு வாசலில் நின்று தும்பிக்கையை நீட்டிக் காட்டியதாக அவள் அப்பா என்னிடம் சத்தியம் செய்தார். நான் நம்பினேன், யானைகளும் பாவம்தானே.

அவளுடைய சந்தேகத்துக்குச் சரியான தீனி போன ஆவணியில் கிடைத்தது.

'தாளக்கட்டு' இதழில் நடுப்பக்கம் என்றால் தனி மரியாதை. இரண்டு பக்கமும் சேர்ந்து கச்சேரி மேடை. ஒருபுறம் வயலின், மறுபுறம் மிருதங்கம், நடு மடிப்பின் மேலேயே பாடுகிறவர். அவரை ஓரமாக உட்கார வைத்தால் மேடையை விட்டு இறக்கியதாக அர்த்தம் என்பது ஆசிரியர் மருதாசலத்தின் சட்டம். பாட்டு வகுப்புகளில், தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிப் பின்னைக் கழற்றி அந்தத் தாளைச் சுவரில் ஒட்டுவார்கள். மடிப்பில் இரண்டு பின். கீழ்ப் பின் ஜமுக்காளத்தில் விழும், மேல் பின் பட்டுச் சேலையிலோ அங்கவஸ்திரத்திலோ விழும். யாருக்கும் வலிக்காது.

ஆவணியில் மருதாசலம் பத்திரிகையின் உயரத்தை இரண்டு விரற்கடை குறைத்தார். அந்த இதழில் மேல் பின் பாடகியின் தொண்டையில் விழுந்தது. அந்த அம்மாளுக்கு அந்த வாரமே தொண்டை கட்டிக்கொண்டது. புரட்டாசியில் வேறொரு பாடகர், பின் மறுபடியும் தொண்டையில். அவருக்குக் கச்சேரி நடுவில் குரல் போய், மீதிப் பாட்டைக் கையால் பாடி முடித்தார் என்கிறார்கள். ஐப்பசியில் நாகஸ்வரக்காரருக்கு உதட்டில். அவர் பல் வலியில் போட்ட சத்தத்துக்கு மருதமலை கொஞ்சம் நகர்ந்ததாகக் கேள்வி. நான் பாதிதான் நம்பினேன்.

அதன்பிறகு நடுப்பக்கம் என்றாலே வித்வான்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. "கடைசிப் பக்கத்துல, ஊறுகாய் விளம்பரத்துக்குக் கீழ போட்டாலும் சரிதானுங்க" என்று கெஞ்சினார் ஒருவர். செய்வினை என்று பேச்சு. வைக்கிறவள் யார்? பக்கம் அமைக்கிறவள்தானே?

கார்த்திகை இதழுக்குப் பொள்ளாச்சிப் பாடகி பங்காரம்மா மட்டும் துணிந்து ஒப்புக்கொண்டார். மருதாசலம் மெர்சியைக் கூப்பிட்டார்.

"அம்மணி, இந்த மாசமும் பின்னு எசகுபெசகா உழுந்துதுன்னா, பக்கத்தையெல்லாம் ஆல்வினே பாத்துக்கட்டும். நீங்க சந்தாப் பிரிவுக்குப் போயிருங்க."

"சரிங்க" என்றாள் மெர்சி. சந்தாப் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் உள்ள ஒரு நாற்காலி.

அவள் முதலில் சந்தேகப்பட்டது ஆல்வினைத்தான். பதவி போனால் பலன் அவனுக்கு. அவள் படத்தை வைக்கச் சொன்ன இடத்தை அவன் கணினியில் மாற்றுகிறானோ? அவன் டீ கொண்டுவந்து கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளுவாள். நானும் அந்த மாதம் முழுக்க வேளைக்கு இரண்டு டீ குடித்தேன்.

"ஏனக்கா என்னைய அப்படிப் பாக்கறீங்க?" என்று கேட்டான் அவன்.

"எப்படிப் பாத்தேன்?"

"யானையப் பாக்கற மாதிரி."

கார்த்திகை இதழின் அச்சடித்த தாள் ஒன்று அலுவலகத்துக்கு வந்ததும், ஸ்கேலை எடுத்துப் பங்காரம்மாவை அளந்தாள். டம்மியில் அவள் குறித்த இடத்தில், ஒரு நூல் பிசகாமல் படம் இருந்தது. ஆல்வின் நிரபராதி. அது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்படியென்றால் நகர்வது படமல்ல, பின். மறுநாள் காலை பத்து மணிக்குக் கோட்டைமேட்டில் உள்ள பைண்டிங் பட்டறைக்குப் போனாள். அங்கே பின் அடிப்பவர் ஷேக் பரீத், அறுபது வயது. பத்தொன்பது வருடமாக இந்தப் பத்திரிகைக்கு அவர்தான் பின் அடிக்கிறார். இவளோடு பேசியதெல்லாம் "நல்லாருக்கீங்களா" மட்டும்தான். கதவோரம் நின்று பார்த்தாள். அவர் ஐப்பசி இதழை விரித்து, நாகஸ்வரக்காரரின் உதட்டை வருத்தத்தோடு தடவிவிட்டு, பின் அடிக்கும் இயந்திரத்தில் இதழ் முட்டி நிற்கும் தடுப்புக் கட்டையைத் திருகி நகர்த்திக்கொண்டிருந்தார்.

"யாரு சொல்லி இதப் பண்றீங்க பாய்?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "யாரும் சொல்லலீங்க. நீங்க யாரு சொல்லி ஒளிஞ்சு நின்னு பாக்கறீங்க?"

"நான் ஒளியல. நின்னுட்டிருந்தேன்."

"நானும் ஒண்ணும் பண்ணல. நகத்திட்டிருந்தேன்."

சிறிது நேரம் இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு அவரே சொன்னார். "ஆவணியில அந்தப் பாட்டுக்காரம்மா கழுத்துல பின்னு எறங்கிப்போச்சு. எனக்குச் சோறு எறங்கல. புரட்டாசிக்கு ஒரு வெரக்கடை கீழ எறக்கி வச்சேன், நெஞ்சுச் சேலையில உழட்டும்னு. அப்பவும் கழுத்து. சரின்னு ஐப்பசிக்கு ரண்டு வெரக்கடை மேல ஏத்தினேன், தலைக்கு மேல போயிரட்டும்னு. ஒதடு. இப்ப மறுக்காவும் எறக்கறேன்."

மெர்சி பக்கத்தில் இருந்த காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "புரட்டாசிக்கு நானும் படத்த ஒரு வெரக்கடை கீழ எறக்கினேனுங்க. பின்னு தலைக்கு மேல போகட்டும்னு. ஐப்பசிக்கு ரண்டு மேல ஏத்தினேன், நெஞ்சுல உழட்டும்னு."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"உங்க வேலையில குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும்னு சொல்லல. நீங்க ஏன் சொல்லல?"

"உங்க வேலையில குத்தம் சொன்ன மாதிரி ஆயிராதா?"

"பின்னு அடிக்கறப்ப படத்தப் பாக்க மாட்டீங்களா பாய்?"

"அட்டை மேல இருக்கும், நடுப்பக்கம் அடியில கெடக்கும். பத்தொம்பது வருசமா படம் அதே எடத்துலதானுங்களே இருந்துது. போன மாச பொஸ்தகத்தப் பாத்துத்தான் வச்சேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நெசமாச் சொல்றேன், எனக்கு உங்க மேலதான் சந்தேகம். என்னைய வேலைய விட்டு அனுப்பறதுக்குப் படத்த நகத்தறீங்களோன்னு."

இந்த ஒரு வாக்கியத்தால்தான் மெர்சிக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. தன்னைச் சந்தேகப்படாத மனிதரை அவள் நம்புவதே இல்லை.

ஒரு பிரதியை எடுத்துப் பங்காரம்மாவின் படத்தை விரித்து வைத்து, இருவருமாக அளந்து, கட்டையை நிறுத்தினார்கள். சோதனைப் பின் பட்டுச் சேலையின் மடிப்பில் இறங்கியது. பிறகுதான் மீதிப் பிரதிகள்.

சங்கதியை மருதாசலத்திடம் யார் சொல்வது? மெர்சி சொன்னால் பழி பாய் மேல் போகும், பட்டறையை மாற்றிவிடுவார். சொல்லாவிட்டால் மூன்று மாதப் பழி இவள் மேலேயே நிற்கும். யோசித்துக்கொண்டு மறுநாள் அலுவலகத்துக்குப் போனால், அவளுக்கு முன்பே ஷேக் பரீத் வந்து ஆசிரியர் மேசையில் நான்கு இதழ்களையும் விரித்து வைத்திருந்தார்.

"தப்பு என்னோடதுங்க. கட்டைய நகத்துனது நான்."

"இல்லீங்க, படத்த நகத்துனது நான்" என்றாள் மெர்சி.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"பாய் மேல குத்தமே இல்லீங்க."

மருதாசலம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பழிக்கு இப்படிப் போட்டி போட்டு அவர் பார்த்ததில்லை. "ரண்டு பேரும் சேந்து என்னமோ பண்ணிப்போட்டு வந்திருக்கீங்க" என்றார். பூதக்கண்ணாடியை எடுத்துப் பங்காரம்மாவின் தொண்டையைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், விரல்களை எண்ணினார். பொள்ளாச்சிக்குத் தொலைபேசி போட்டு, "ஒரு சுரம் பாடிக் காட்டுங்கம்மா" என்றார். குரல் அறை முழுக்கக் கேட்டது. அப்போதும் திருப்தியில்லை; சாயங்காலம் வரை மூன்று முறை பாட வைத்தார். நான்காம் முறை கேட்டபோது அந்தம்மாள் போனை வைத்துவிட்டார்.

பிறகு பழைய இதழ் ஒன்றை ஆவணி இதழின் மேல் வைத்து உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். பக்கத்தின் உயரத்தைக் குறைத்தது யார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"இனிமே டம்மிய மொதல்ல பாய்கிட்டக் குடுத்துப் பின்னு அடிச்சு வாங்கிப்போடுங்க. அந்த ஓட்டையப் பாத்துட்டுப் படத்துக்குக் கட்டம் போடுங்க" என்றார். தனக்குத்தான் சொல்கிறார் என்று ஆல்வின் நாற்காலியை முன்னே இழுத்தான். மருதாசலம் அவன் பக்கம் திரும்பவில்லை.

"மார்கழிக்கு நடுப்பக்கம் யாரு, மெர்சி?"

மெர்சி அலமாரியைத் திறந்து மூன்று தாள்களை எடுத்தாள். யாராவது தொட்டிருக்கிறார்களா என்று விளிம்பை ஒருமுறை பார்த்துவிட்டு மடிக்கத் தொடங்கினாள்.