வராதவனின் சாவி

காரின் சாவி தொலைந்துவிட்டது என்று என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கு, அது எங்கே தொலைந்தது என்று பெரும்பாலும் தெரியாது. சங்கிலி அண்ணனுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

"வாஹித் பாய், எம்பொண்டாட்டி கார்ச் சாவியக் கொண்டுபோயி கோயில் உண்டியல்ல போட்டுட்டா. வீட்டுக்கு வந்து புதுசா ஒண்ணு போட்டுக் குடுப்பீங்களா?"

நான் திண்டுக்கல்லில் சாவிக் கடை வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. சிப் வைத்த கார்ச் சாவிகள் வந்த பிறகு அதற்கான மெஷினை வாங்கி, அல்லாஹ்வின் பேரைச் சொல்லித் தொட்டுத் தொட்டுப் பழகிக்கொண்டேன். காரை நகர்த்த முடியாதவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் செய்து கொடுப்பேன்.

வடமதுரை தாண்டி, ரோட்டோரம் அவர்கள் வீடு. வாசலில் கார் ரோட்டைப் பார்த்து நின்றது. கார் நிற்கிற இடத்துக்கு இரும்புக் கேட்டும் இல்லை, தடுப்பும் இல்லை.

எந்தக் காரைத் தொடுவதற்கு முன்னும் ஆர்.சி. புக்கைப் பார்ப்பது என் வழக்கம். பேச்சாயி என்று பெயர் போட்டிருந்தது.

"காரு அக்கா பேர்லயா?"

"அவதான் ஓனரு. நான் டிரைவரு. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு" என்றார் சங்கிலி அண்ணன்.

பேச்சாயி அக்கா உள்ளேயிருந்து டீ கொண்டு வந்தார். பக்கத்தில் நிற்பவரிடமும் சத்தமாகத்தான் பேசுவார். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில், தாவணி வயதிலிருந்து வேலை பார்த்தவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் அப்படியே நின்றுவிட்டது. பஞ்சுத் தூசியில் இருமல் வந்து இனி முடியாது என்றானபோது, கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் இந்தக் காரை வாங்கினாராம். பழைய கார்தான். மகன் முகேஷ்குமார் ஓட்டுவதற்காக.

"சாமிக்கே காரு வேணும்னு தோணிருக்கு பாய்" என்றார் அண்ணன். "இனிமே கருப்பன் குதிரைய விட்டுட்டு நம்ம கார்லதான் வேட்டைக்குப் போவாரு."

"கேலி பண்ணாதீங்க" என்று அக்கா என் பக்கம் திரும்பினார். "வீட்டுல குளிக்கப் போறேன்னு சாவிய எங்கிட்டக் குடுத்தாரு பாய். நான் அப்படியே பக்கத்துக் கோயிலுக்கு நடந்து போயிட்டேன். காணிக்கைச் சில்லறையோட முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன். உண்டியல் முன்னாடி நின்னு எம்புள்ளைய நெனச்சுக்கிட்டே முடிச்ச அவுத்தேன். அப்படியே போட்டுட்டேன். விழுந்த சத்தத்துலதான் தெரிஞ்சுச்சு."

"கேட்டா எடுத்துத் தர மாட்டாங்களா அக்கா?"

"உண்டியல்ல விழுந்தது சாமியோடது பாய். அதப் போயி கேக்கலாமா?"

எங்கள் பள்ளிவாசல் உண்டியலில் விழுந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். கதவின் பூட்டைக் கழற்றி அளவெடுத்து, புதுச் சாவிக்குப் பல் வெட்டினேன். கதவு திறந்தது. ஸ்டியரிங் பக்கத்துப் பூட்டும் திரும்பியது. இஞ்சின் மட்டும் ஓடவில்லை. ஓடாது. சாவியின் தலைக்குள் அரிசி மணி அளவுக்கு ஒரு சிப் இருக்கும். அந்தச் சிப்பைக் கார் அடையாளம் கண்டுகொண்டால்தான் இஞ்சின் உயிர் பிடிக்கும். புதுச் சிப்பை அதற்கு அறிமுகம் செய்துவைக்கத்தான் மெஷின்.

மெஷினை மாட்டுவதற்கு முன் எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன்.

"வேற சாவி இருந்தா இப்பவே கொண்டாந்துருங்க அக்கா. புதுசாப் பதியிறப்ப பழைய பதிவெல்லாம் அழிஞ்சிரும். கையில இருக்குற சாவிதான் திரும்ப ஏறும்."

அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டயரைப் பார்த்தார்.

"இன்னொரு சாவி எம்மகன்ட்ட இருக்கு பாய்" என்றார் அக்கா.

மூன்று வருஷத்துக்கு முன், மில்லுக்குப் போகும் பெண்களைக் காரில் ஏற்றப் போன இடத்தில் முகேஷ்குமார் குடித்திருந்தான். அந்தப் பெண்கள் பார்க்க அப்பா அவனை அறைந்துவிட்டார். அவன் காரை அங்கேயே விட்டுவிட்டு ரோட்டில் நடந்து போனவன்தான். அவனுடைய சாவி அவன் சட்டைப் பையிலேயே போனது. திருப்பூரில் இருக்கிறான் என்றார்கள், பிறகு ஓசூர் என்றார்கள். போன் நம்பர் செத்துப் போய்விட்டது.

"அவன் சாவிய மட்டும் விட்டுட்டு மத்தத அழிக்க முடியாதா பாய்?"

"அது எங்கையில இல்லக்கா. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு பேரு கூப்பிடுற மாதிரிதான். இப்ப வந்து நிக்கிற சாவியத்தான் கணக்குல எடுத்துக்கும். வராததோட பேர அடிச்சிரும்."

"அவன் வருவான் பாய்."

"வந்ததும் கூப்பிடுங்கக்கா. அவன் சாவியவும் சேத்துப் பதிஞ்சு தாரேன்."

"உங்களுக்கு அவனப் பத்தித் தெரியாது. கூச்சக்காரன். அடி வாங்கிட்டுப் போனவன், கதவத் தட்ட மாட்டான். விடியக்காலையில அவன் காரு ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டுத்தான் நான் எந்திரிச்சு டீ போடுவேன். வந்தான்னா அப்படித்தான் வருவான். கார்ல ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணுவான். நான் எந்திரிச்சு வருவேன்னு அவனுக்குத் தெரியும்." கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னார். "அதுக்குத்தான் காரு ரோட்டப் பாத்தே நிக்கிது. கேட்டுப் போட வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"விடு பேச்சி" என்றார் அண்ணன். "நாளைக்கு மில்லுப் புள்ளைக காத்துக்கிட்டு நிக்கும். காரு ஓடணுமா வேணாமா?"

அக்கா வீட்டுக்குள் போனார். சாமி படத்துக்கு முன்னால் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். "நான் பண்ணுன தப்பு, நானே சொல்றேன். அழிச்சிருங்க பாய்" என்றார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி மெஷினை மாட்டினேன். அழிப்பதற்கு முன், எத்தனை சாவி பதிந்திருக்கிறது என்று அது காட்டும். ஒன்று என்று காட்டியது.

இரண்டு இருந்திருக்க வேண்டும். மெஷின்தான் தவறோ என்று கழற்றி மறுபடி மாட்டினேன். மறுபடியும் ஒன்றுதான்.

"என்ன பாய், ஒண்ணுன்னு நிக்கிது?" அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றார். மில்லில் மீட்டர் பார்த்துப் பழகிய கண்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இதுல ஒரு சாவிதான்க்கா இருக்கு. உண்டியல்ல விழுந்தது மட்டும். மகன் சாவிய முன்னாடியே யாரோ எடுத்துவிட்ருக்காங்க."

சங்கிலி அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் வீட்ட விட்டுப் போன அந்த வாரமே கார மதுரைக்குக் கொண்டுபோயி அவன் சாவிய நான்தான் அழிச்சேன்" என்றார். "குடிபோதையில வந்து காரத் தூக்கிட்டுப் போயி வித்துருவானோன்னு பயந்துட்டேன். உன் ஒழைப்புல வாங்குனதாச்சே பேச்சி."

அக்கா அழவில்லை. அந்தச் சத்தக் குரலும் இறங்கிப்போயிருந்தது.

"ஐப்பசி மழையில ஒரு நாள் விடியக்காலையில கார்க் கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. நான் எந்திரிச்சு வாரதுக்குள்ள யாருமில்ல. சீட்டு ஈரமா இருந்துச்சு. கண்ணாடிய ஏத்தாம விட்டுட்டேன்னு நீங்கதான சொன்னீங்க?"

"விட்டிருப்பேன்னு நெனச்சேன்" என்றார் அண்ணன்.

"ஏத்தி இருந்துச்சு. நான் பாத்தேன்."

வேலையைப் பாதியில் நிறுத்தினால் கார் யாருக்கும் ஓடாது. நான் புதுச் சாவியைப் பதிந்து இஞ்சினைப் போட்டேன். சட்டென்று பிடித்துக்கொண்டது. நல்லபடியாக ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். எனக்கு உடனே அதை அணைக்கத்தான் தோன்றியது. அணைத்தேன்.

மெஷின் மாட்டியிருக்கும்போதே இரண்டு சாவியாகப் பதிந்து கொடுப்பது என் வழக்கம். அன்றைக்கும் யோசிக்காமல் கேட்டுவிட்டேன். "இன்னொரு சாவியும் போட்டுத் தரவாக்கா?"

"யாருக்கு பாய்?" என்றார். கோபமாகக்கூட இல்லை. தெரியாமல்தான் கேட்கிறார் என்பதுபோல இருந்தது.

திரும்பும் வழியில் ஒரு பள்ளிவாசலில் மாலை நேர அஸர் தொழுகையைத் தொழுதேன். கையேந்தி, அந்தத் தாயின் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி வை என்று கேட்கத்தான் நினைத்தேன். ஒரு விடியலில் அவன் வந்திருக்கிறான், மழையில் நனைந்து வந்து சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்திருக்கிறான், கார் அவனைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறது. இனி எப்படிக் கேட்பது என்று தெரியாமல், கையை ஏந்தியபடியே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.