முதுகைப் பார்க்காத விசாரணை

முதியோர் இல்லங்களில் கவனிப்பு சரியில்லை என்று முறைப்பாடு வந்தால், நேரில் போய் விசாரித்து அறிக்கை எழுதுவது என் உத்தியோகம். வருவதாக ஒரு கிழமைக்கு, அதாவது ஏழு நாளைக்கு, முன்பே கடிதம் போடவேண்டும் என்பது இதில் முதல் விதி. சொல்லிவிட்டுப் போனால் யார் வீட்டில்தான் குப்பை இருக்கும்? என்னைப்போல் கோப்பும் கையுமாக அலைகிறவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

மடிப்புக் கலையாத விரிப்பு

எஹலியகொடைப் பக்கம் ஓர் இல்லம். அங்கே இருக்கும் கருப்பையா என்ற பழைய ரப்பர்த் தோட்டப் பால்வெட்டுத் தொழிலாளிக்குப் படுக்கைப் புண், யாரும் கவனிப்பதில்லை என்று அவருடைய மகள் செல்வி கொழும்பிலிருந்து எழுதியிருந்தார். போனேன். வாசலிலேயே பினாயில் மணம். கட்டிலுக்குக் கட்டில் புது விரிப்பு, கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. ராமாயி என்ற அம்மா விரிப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"நீங்க மாசத்துக்கு ஒருக்கா வந்தீங்கன்னா நல்லதுங்க. நீங்க போனவொடனே இதெல்லாம் அலமாரிக்குப் போயிரும்."

கட்டிலின் தலைமாட்டில்

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கருப்பையாவின் தலைமாட்டில் இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாள் கைகட்டி நின்றார். பொறுப்பாளர் முன்னிலையில்தான் வாக்குமூலம் எடுக்கவேண்டும் என்று படிவத்தில் இருக்கிறது. நானும் படிவத்தை மீறாத நல்ல பிள்ளை.

இத்தனைக்கும் நான் ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். வேலை வாங்கும் கங்காணி பக்கத்தில் நிற்கும்போது எவரும் தோட்டத்து மேலாளரான தொரையிடம் குறை சொல்லமாட்டார்கள். என் அப்பா காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே "சொகமா இருக்கேங்க" என்று சொன்னதைக் கண்ணால் பார்த்தவன் நான். அரசாங்க நாற்காலி அதை மறக்கடித்துவிட்டது. புண் இருக்கிறதா என்று கேட்டதும் கருப்பையா அந்த அம்மாளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைகூப்பினார். அவர் சொன்னதை அப்படியே எழுதி, கைநாட்டும் வாங்கிக்கொண்டேன்.

"ஒரு கொறையும் இல்லைங்க தொரை. நல்லாத்தான் பாக்குறாங்க."

ஆஸ்பத்திரியில்

மூன்று கிழமை கழித்துச் செல்வி போன் செய்தார். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், புண் எலும்புவரைக்கும் போய்விட்டதாம். ஓடினேன். ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"அந்தம்மா நின்னுச்சுங்களே. நான் சொன்னா நீங்க எழுதிக்கிட்டு ஜீப்புல போயிருவீங்க. நான் அங்கதானேங்க கெடக்கணும்."

கைநாட்டு

ஐந்தாம் நாள் கருப்பையா கண்ணை மூடிவிட்டார். காரியம் முடிந்ததும் செல்வி நான் வேலை செய்யும் கந்தோருக்கு வந்தார். கோப்பைத் திறந்து காட்டினேன். "குறை எதுவும் இல்லை" என்ற என் கையெழுத்தையும், அதன் கீழே இருந்த தன் அப்பாவின் பெருவிரல் ரேகையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒரு தடவ பொரட்டிப் பாத்திருக்கலாம்தானே, சேர்."

இப்போதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் போய், பொறுப்பாளரை வெளியே அனுப்பிவிட்டு, முதலில் முதுகைத்தான் பார்க்கிறேன். விதியை மீறுகிறேன் என்று என்மீதும் ஒரு முறைப்பாடு போயிருக்கிறது, விசாரிக்க வருவதாக ஒரு கிழமைக்கு முன்பே கடிதமும் போட்டிருக்கிறார்கள்.