தண்ணீர் குடிக்காத துணி

வேலம்பாளையத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எட்டு வருஷம் துப்புரவு வேலை பார்த்தேன். தரை துடைக்கத் துணி வாங்கியதே இல்லை. பக்கத்துப் பனியன் கம்பெனியிலிருந்து, வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி, கட்டிங் வேஸ்ட், மூட்டையாக வந்துவிடும். ஈரத் துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைப்பேன். பனியன் துணி தண்ணீரை அப்படியே குடித்துவிடும். வயசானவர்கள் நடக்கிற தரையில் ஒரு சொட்டு நிற்கக் கூடாது, அதுதான் என் வேலையே.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் புது மூட்டையைப் பிரித்தேன். துணி வெள்ளைவெளேரென்று, தொட்டால் வழவழவென்று இருந்தது. நல்லதாகக் கொடுத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டு, முருகனைக் கும்பிட்டு, குளியலறைக்குப் போகும் வழியைத் துடைத்தேன். பூசைக்கு நேரமாகிவிட்டதால் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கில் திரி போடும்போது தொப்பென்று சத்தம் கேட்டது.

தலைக்குக் குளிக்கப் போன குன்னத்தூர் அம்மா வழியில் விழுந்து கிடந்தார். சொந்த ஊரை வைத்துத்தான் அவரை அப்படிக் கூப்பிடுவோம். மேனேஜர் ஓடி வந்தார். "இந்தத் தேஞ்ச செருப்பைத் தூக்கி வீசுங்கன்னு எத்தனை தடவை சொல்றதுங்க?" என்று சத்தம் போட்டார். நான் தரையைத் தொட்டேன். கையெல்லாம் ஈரம். சேலையில் துடைத்துக்கொண்டு அவரைத் தூக்கினேன்.

ஆட்டோவில் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போனேன். இடுப்பெலும்பு உடைந்தவர்கள் அப்புறம் கட்டிலை விட்டு எழாமலே போனதைப் பார்த்திருக்கிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, முருகா, அவர் நடந்தால் போதும், நான் சிவன்மலையில் உன் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டினேன்.

"எலும்புக்கு ஒண்ணும் ஆகலைங்க. சதைதான் கன்றியிருக்கு. பத்து நாள்ல நடப்பாங்க" என்றார் டாக்டர். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் அம்மிணி அழுகறே? உடையலைன்னு வருத்தமா?" என்றார் அம்மா.

"செருப்பு மேல தப்பில்லீங்கம்மா. நாந்தான் ஈரத்தை விட்டுட்டேனுங்க."

"கீழ உழுகறப்பவே தெரியும். செருப்பைத் திட்டட்டும்னு உட்டுட்டேன். அதுக்கு ரோசம் வராது பாரு."

சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. வேண்டுதலையும் சொன்னேன்.

"நானு உழுந்ததுக்கு நீ நடக்கறயா? செரி, எனக்குஞ் சேத்து நட."

திரும்பி வந்ததும் அந்தத் துணியில் ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தியாக இருந்தால் சாம்பலாகியிருக்கும். இது உருகி மணி மாதிரி கெட்டியானது. பாலியஸ்டர். தண்ணீரைக் குடிக்காமல் தரையில் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. மேனேஜரிடம் உள்ளதைச் சொன்னேன். "பார்த்து வேலை செய்யறதில்லையாங்க?" என்று திட்டிவிட்டு, மூட்டையைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு அந்தத் திட்டு வலிக்கவே இல்லை.

அடுத்த மூட்டையில் ஒவ்வொரு துணியாகத் தண்ணீரில் நனைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். பன்னிரண்டாம் நாள் அம்மா குளிக்கக் கிளம்பினார். அதற்கு முன்னால் அந்த வழியில் வெறுங்காலோடு நான் இரண்டு தடவை நடந்து பார்த்தேன்.

"உன்ற துணி தண்ணி குடிச்சுதா?"

"குடிச்சுதுங்கம்மா. வாங்க."

ஊன்றுகோல் தரையில் தட்டிக்கொண்டே போனது. உள்ளே செம்பால் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.