கழற்றிய யன்னல்கள்

தலைமன்னாருக்குத் திரும்பவும் ரயில் ஓடத் தொடங்கிய வருஷம் அது. முதல் ரயிலைப் பார்க்கச் சனம் தண்டவாளம் நெடுக நின்றது. என் மகள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள். இருபது வயது தாண்டியவள், இந்தியாவில் அகதி முகாமில் பிறந்தவள். யாரையும் முகம் பார்த்துக் கதைக்க மாட்டாள். பேய் பிடித்தது என்றார்கள். ஊர் திரும்பிய பிறகு மடு மாதா கோயிலுக்கு எத்தனை தரம் கூட்டிப்போனோம். கடைசியில் ஒரு டொக்டர்தான், இது பேயில்லை, பிறவியிலேயே வருகிற ஓட்டிசம் என்று சொன்னார்.

அவரோடு வேலை செய்த ஒரு மிஸ், இப்படிப்பட்ட ஆறு பேருக்கு எங்கள் பொது மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பின்னேரம் நாலு மணிக்குத் தாய்ச்சி பழக்கினார். சீனாக்காரரின் பயிற்சி. கை காலை மெல்ல மெல்ல அசைக்க வேண்டும். கரைவலை இழுத்த எனக்கு, வலையே இல்லாமல் வலை இழுப்பது போலத் தெரிந்தது. ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. மகளுக்கு அது பிடித்துப்போனது.

முடிந்ததும் பால் விடாத பிளேன்டீ கொடுப்பார்கள். கொண்டச்சியிலிருந்து வகுப்புக்கு வரும் முஸ்லிம் பெடியன் ஒருவன் அவள் பக்கத்தில் வந்து நின்று கேட்பான்.

"எந்த பஸ்சில வந்தனீங்கள்?"

"நடந்து வந்தனான்."

ஒவ்வொரு கிழமையும் இதே கேள்வி, இதே பதில். அவ்வளவுதான். ஆனால் வீட்டாரைத் தவிர அவள் கதைத்த முதல் ஆள் அவன்.

ஒரு சனி, மண்டபத்தைப் பார்க்கிற சங்கத்தின் தலைவர் என்னிடம் வந்தார்.

"அண்ணை, யன்னலைச் சாத்திப்போட்டுச் செய்யட்டும். கலியாணம் பேச வாற சனம் பார்த்தா ஊரைப் பற்றி என்ன நினைக்கும்?"

"சாத்தினா வெக்கை. என்ர பிள்ளை தாங்காது."

அடுத்த சனி போனால் யன்னல்களுக்கு ஆணி அடித்திருந்தது. அந்தப் புழுக்கத்தில் மகள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். பிறகு இரண்டு சனி போகவில்லை. நாலு மணியானால் சுவரைப் பார்த்து, "நடந்து வந்தனான், நடந்து வந்தனான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

தோணி திருத்துகிற சாமான்களை எடுத்துக்கொண்டு போனேன். ஆணியை மட்டுமல்ல, எட்டு யன்னல் கதவுகளையும் பிணைச்சலோடு கழற்றி என் வீட்டு வளவில் கொண்டுவந்து அடுக்கினேன். தலைவர் பாய்ந்து வந்தார்.

"பொதுச் சொத்தைக் கழட்டிப்போட்டியளே! பொலிசுக்குப் போவன்!"

"போங்கோ தம்பி. ஏன் கழட்டினவரெண்டு அங்க கேப்பினம். அதையும் நீங்கள்தான் சொல்லோணும்."

அவர் போகவில்லை. அடுத்த சனி என் மகள் போனாள். ரோட்டால் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். எங்கள் பிள்ளைகள் களவெடுக்கவில்லை.

வகுப்பு இன்னும் நடக்கிறது. இதைக் கேட்கிற உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பிள்ளையை அறைக்குள் வைத்திருக்கிற வீடு இருக்கும். அந்தத் தாய் தகப்பனிடம் சொல்லிவிடுங்கள்: சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி, எங்கள் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வரட்டும்.