மணல்மேட்டில் என் பனிப்பலகை

கனடாவிலிருந்து தூக்கிவந்த ஸ்னோபோர்டோடு துபாய்க்கு வெளியே ஒரு மணல்மேட்டின் உச்சியில் நிற்கிறேன். நேற்று ஷாப்பிங் மாலுக்குள், செயற்கைப் பனிச்சரிவில், என்ன ஆட்டம் போட்டது இது! விளிம்பைச் சாய்த்தால் கத்தியாகத் திரும்பியது, வாலை அழுத்தினால் துள்ளியது. அதே தெம்பில் இங்கும் விளிம்பைச் சாய்க்கிறேன். மணல் பிடித்து இழுக்கிறது. குப்புற விழுகிறேன், வாயெல்லாம் மணல்.

பக்கத்தில் பிளாஸ்டிக் தாளில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தவர் ஓடிவந்து தூக்கிவிடுகிறார். பெயர் செல்வம், ராமநாதபுரத்துக்காரர். ஜெபல் அலியில் கிடங்கு வேலை, இன்று லீவு.

“சாய்க்காதீங்கண்ணே. பின்னங்கால்ல கனத்தைப் போட்டு நேரா விடுங்க.”

“நீங்களே காட்டுங்க.”

வெறுங்கால்களைப் பட்டைகளில் இறுக்கிக்கொண்டு கிளம்புகிறார். பலகையின் அகன்ற மூக்கு மணலுக்கு மேலே மிதக்கிறது. ஒரே பாய்ச்சல்! நான் கூச்சலிட்டுக் கைதட்டுகிறேன்.

கீழே துண்டைச் சும்மாடாகச் சுற்றி, பலகையைத் தலையில் வைத்து, மூட்டை தூக்கும் நடையில் மேலேறி வருகிறார். நேற்று பனிச்சரிவில் என்னை ஏற்றிவிட்டது லிஃப்ட்.

“பனியில இன்னும் வேகமாப் போகுமாண்ணே?”

“போகும். ஆனா நான் இவ்வளவு வேகமாப் போனதில்ல.”

சிரித்தபடி பலகையை நீட்டுகிறார்.

“அது உங்ககிட்டயே இருக்கட்டும். அந்தத் தாளைக் குடுங்க, சேர்ந்து இறங்குவோம்.”

நான் உட்காருவதற்குள், “யல்லா, வாங்கண்ணே!” என்று கத்திக்கொண்டு அவர் பாதி மேட்டைத் தாண்டிவிடுகிறார்.